பஸ்ஸை நிறுத்தும் ஜாக்கெட்

வாசகி ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "தீவு வாழ்க்கை எப்படி மேடம்? தினமும் பீச்தானா?"

உடனே பதில் அனுப்ப முடியவில்லை. விரல்கள் விறைத்துப் போயிருந்தன! இரண்டு ஸ்வெட்டர், இரண்டு கம்பளி, கூடவே காய்ச்சல். நுவரெலியா மலைப்பகுதியில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சுருண்டு கிடந்தேன். இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காலண்டரில்தான் பார்க்க வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக... நான் திருச்சிக்காரி. ஒரு வருட விசாவில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க சம்பளமில்லாமல் வந்திருக்கிறேன். ஊரில் எல்லோரும் கைகுலுக்கி அனுப்பினார்கள். தன்னார்வத் தொண்டர் என்றால் சும்மாவா? வந்த பிறகுதான் தெரிந்தது — எனக்கு ஈர விறகில் அடுப்பு மூட்டத் தெரியாது, காலில் ஏறும் அட்டையைப் பிடுங்கத் தெரியாது. தொண்டு முழுவதும் எனக்குத்தான் நடந்தது. செய்தவர் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா. கொழுந்து பறிக்கிறவர்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் கில்லாடி. பஸ்ஸை நிறுத்துவேன்!

சிரிக்காதீர்கள். எங்கள் முச்சந்தியில் காலை பஸ் லேசில் நிற்காது. காத்திருப்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகள், கையில் சீசன் டிக்கெட். ஏற்றினால் நெரிசல்தான் மிச்சம். அதனால் டிரைவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு போய்விடுவார். அடுத்த பஸ் வருவதற்குள் பள்ளியில் இரண்டு பாடம் முடிந்திருக்கும்.

ஒருநாள் நானும் பிள்ளைகளோடு நின்றேன். ஆள் தெரியாத பனி. குளிருக்குப் பயந்து வாங்கிவந்த ஆரஞ்சு கலர் மலையேற்ற ஜாக்கெட்டை மாட்டி, அதன் தொப்பியையும் இழுத்துவிட்டிருந்தேன். பஸ் கிறீச்சென்று நின்றது. கண்டக்டர் குதித்து இறங்கினார். "ஹலோ மேடம்! நுவரெலியா?"

டூரிஸ்ட் என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் அத்தனை பேரும் உள்ளே!

அன்றிலிருந்து தினமும் டியூட்டி. நான் யார் என்று தெரிந்த பிறகும், வெளிநாட்டுக்காரி கைகாட்டும்போது தாண்டிப் போக அவர்களுக்குக் கூச்சம். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. யாரோ வெளியூர்க்காரிக்கு நிற்கிற பஸ் அந்த ஊர்ப் பிள்ளைக்கு நிற்காதாம்... நம்மூர் ஆபீசுகளில் மட்டும் என்ன வாழ்கிறது?

இந்த நேரம் பார்த்துத்தான் காய்ச்சல். அதுவும் எந்தக் காலையில்? பாக்கியம் அக்காவின் மகள் தாரணிக்குக் கணக்குப் பரீட்சை. சாதாரண தரம் — நம்மூர் பத்தாம் வகுப்பு மாதிரி. கணக்கு போனால் மேலே படிப்பு இல்லை. கொழும்பில் யார் வீட்டிலாவது வேலைக்குச் சேர்த்துவிட அவள் மாமா ஏற்கனவே ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி வைத்திருந்த ஆட்டோ அன்றைக்கென்று ரிப்பேர்.

எழுந்து நின்றேன். தலை சுற்றியது. பாக்கியம் அக்கா தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"படுங்க டீச்சர். அந்தக் கோட்ட மட்டும் குடுங்க."

"நீங்க பெரட்டுக்குப் போகணுமே அக்கா?" பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம். நேரம் தப்பினால் வேலையும் தப்பும்.

"அது தினமும் இருக்கு. புள்ளைக்கு இன்னைக்குத்தானே."

படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வளைவில் ஹார்ன் சத்தம். எஞ்சின் உறுமல் நெருங்கியது... பிறகு பிரேக். வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

அங்கே நடந்ததைச் சாயந்திரம் தாரணி சொன்னாள். பஸ் நின்றதும் காற்றில் தொப்பி விலகிவிட்டது. உள்ளே இருப்பது யாரென்று தெரிந்ததும் டிரைவர் கடுப்பாகி மறுபடி கியரைப் போட்டார். பாக்கியம் அக்கா சட்டென்று படியில் ஒரு காலை வைத்துக்கொண்டார்.

"என்னாக்கா, நீங்க எப்ப வெள்ளக்காரி ஆனீங்க?" என்று கண்டக்டர் சிரித்திருக்கிறார்.

"வெள்ளக்காரின்னாத்தான் ஒங்க பிரேக்கு புடிக்குமா? புள்ளைங்களுக்குப் பரீட்ச. ஏத்துங்க!"

கடைசிப் பிள்ளை ஏறும்வரை காலை எடுக்கவில்லையாம். அப்புறம் இறங்கி, பஸ்ஸை இரண்டு தட்டுத் தட்டி அவரே, "ரைட்! போங்க!"

"எனக்கு ஒரே பயம் டீச்சர். ஆனா அம்மாவப் பாத்ததும் சிரிப்பு வந்திருச்சு. கணக்கு நல்லாத்தான் செஞ்சிருக்கேன்" என்றாள் தாரணி. பெரட்டுக்கு லேட்டானதால் அக்காவுக்கு அன்று அரை நாள் வேலைதான் கிடைத்தது.

மறுநாளும் பரீட்சை. விழித்துப் பார்த்தால் அக்கா அலசிப்போட்ட ஜாக்கெட் அடுப்புக்கு மேலே கொடியில் ஈரமாகத் தொங்குகிறது! பதறிப்போய்க் கம்பளியோடு வாசலுக்கு ஓடினேன். கீழே முச்சந்தியில் பாக்கியம் அக்கா. அவரோடு இன்னும் நாலைந்து அம்மாக்கள். வேலைக்குப் போகிற கோலத்தில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோடு ரோட்டை அடைத்து நிற்கிறார்கள். அன்று பனியே இல்லை. நிற்பது யாரென்று டிரைவருக்குத் தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும்.

பஸ் நின்றது.

இப்போதெல்லாம் அந்த ஜாக்கெட்டை நான் குளிருக்கு மட்டும்தான் போடுகிறேன்.