லாரி டிரைவருக்கு வந்த அணிந்துரை

அச்சகத்தில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிற அக்காவுக்கு எழுத்தாளர்கள் என்றாலே இளக்காரம். பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊரார் எழுதியதையெல்லாம் வரி விடாமல் படித்தவள் அவள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் அவள்தான். புத்தகம் எழுதுகிறவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் என்று அப்போது நம்பியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த மூன்றே மாதத்தில் அந்த மயக்கம் தெளிந்துவிட்டது. ரிட்டயர் ஆனவன் பொழுது போகாமல் எழுதுகிறான். பொழுது போகிறவன் சம்பந்தி வீட்டாருக்குக் காட்ட எழுதுகிறான். பின்னட்டையில் தன் முகம் தெளிவாக விழுமா என்பதைத் தவிர எவனுக்கும் வேறு கவலை கிடையாது. வருகிறவர்களையெல்லாம் ஒரே 'சார்' போட்டு அனுப்பிவிடுவாள்.

போதாததற்கு அணிந்துரை வேறு. பெரிய மனிதர் யாராவது புத்தகத்தைப் பாராட்டி முதல் பக்கங்களில் எழுதித் தரவேண்டும். அதற்கென்றே அந்த ஊரில் ஒரு பேராசிரியர் இருந்தார். படிக்காமலே பாராட்டுவதில் கரை கண்டவர்.

இப்படி இருக்கையில்தான் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் மூன்று நோட்டுப் புத்தகங்களோடு வந்தார். முப்பது வருடம் வண்டி ஓட்டிய கதை. அக்கா வழக்கம்போல அலட்சியமாகத்தான் தட்டத் தொடங்கினாள். இரண்டு நாளாகப் பேச ஆளில்லாமல் ஓட்டியவர், தன் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, வழியிலிருந்த கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போன இடம் வந்தது. அவள் கை நின்றுவிட்டது. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட மறந்துபோனாள். சொல்ல விஷயம் இருந்து எழுதியவர் இவர் ஒருவர்தான் என்று முதலாளியிடமே சொன்னாள்.

அணிந்துரைக்காக அச்சு வேலை எட்டு மாதம் நின்றது. பேராசிரியர் வீட்டுக்கு நடையாய் நடந்து டிரைவர் ஒருவழியாக அதை வாங்கி வந்தார். பிரித்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன மாதம் ஓர் அம்மாளின் கவிதைப் புத்தகத்துக்கு வந்த அதே அணிந்துரை. புத்தகத் தலைப்பும் எழுதியவர் பெயரும் மட்டும் மாறியிருந்தன.

"அண்ணே, இந்தாளு உங்க நோட்டைத் தொடக்கூட இல்ல. கவிதை கவிதைன்னு எழுதியிருக்காரு பாருங்க."

"தெரியும்மா. வீட்லயே படிச்சுப் பார்த்தேன்."

"அப்போ தூக்கிடலாம்ல? உங்க எழுத்துக்கு இந்த ஜால்ரா எதுக்குண்ணே?"

டிரைவர் பதறிப்போனார். "தூக்கிடாதம்மா. என் மருமகன் என்னை ஒரு ஆளாவே மதிக்கிறதில்ல. அவன் இவர்கிட்ட படிச்சவன். இவர் பேரைப் பார்த்தாத்தான் புத்தகத்தையே கையில எடுப்பான். கவிதைங்கிற எடத்துல மட்டும் அனுபவம்னு மாத்திடு."

"படிச்சுப் பார்த்துட்டுதான் மதிக்கணும். பேரைப் பார்த்து மதிச்சா அது உங்களுக்கு வர்ற மதிப்பா?"

"யாருக்கு வந்தா என்னம்மா, வீட்டுக்குள்ள வந்தா சரி."

அக்கா திரையைப் பார்த்தபடி கேட்டாள். "'பக்கத்துக்குப் பக்கம் தாய்மையின் ஈரம் கசிகிறது'ன்னு ஒரு வரி இருக்கு. லாரி புத்தகத்துல எதுக்கு அது? எடுத்திடவா?"

டிரைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து அந்த வரியை நிதானமாகப் படித்தார்.

"இருக்கட்டும்மா. படிக்க நல்லாருக்கு."

அக்கா கவிதை இருந்த ஏழு இடத்திலும் அனுபவத்தைப் போட்டாள். ஈரத்தை அப்படியே விட்டாள்.

"முடிஞ்சுது சார், அச்சுக்கு அனுப்பிடலாம்" என்றாள். அண்ணே என்று கூப்பிட வாய் வரவில்லை.