இடம் மாற்றிப் போட்ட ஊசி

பூட்டுக்காரர் கைக்குத் திறக்காத பூட்டு அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அதுவே அவருக்கு வினையாகப் போனது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று ரிப்போர்ட் வரும்போதெல்லாம் மனைவி ஆரம்பித்துவிடுவாள்.

"அலமாரியப் பூட்டி வெச்சு என்ன பிரயோஜனம்? உங்களுக்கு ஒரு ஹேர்பின் போதாதா?"

மனிதர் ஒரு விள்ளல் இனிப்புகூடத் தொட்டதில்லை. தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் பார்த்தார். மகள் அவருக்குத் திருட்டுப் பூனை என்று பெயர் வைத்தாள். சாகிறதுக்குள் ஒருத்தராவது தன்னை நம்பிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை.

உண்மையில் பூனை ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. இன்சுலின் எழுதிக் கொடுத்த அன்று டாக்டர், "தினமும் இடம் மாத்திப் போட்டுக்குங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இவரோ சொன்ன சொல் தட்டாதவர். ஒரு நாள் ஹாலில், ஒரு நாள் சமையலறையில், ஒரு நாள் கடையில் சாவி அறுக்கும் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து போட்டுக்கொண்டார். குத்தியது மட்டும் எப்போதும் தொப்புளுக்கு இடப்பக்கம். நாலு வருஷத்தில் அங்கே தோலுக்கடியில் எலுமிச்சை அளவுக்குத் தடித்துப்போனது. வலிக்கவில்லை என்பதால் அவருக்கும் அது வசதியாக இருந்தது. மருந்து அதைத் தாண்டி ரத்தத்தில் சரியாக இறங்கவே இல்லை. டாக்டர் பெருமான் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமலேயே இருபது யூனிட்டை நாற்பத்தாறு ஆக்கினார்.

கடைசியில் ஒரு நர்ஸ்தான் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இதுல மருந்து போடுறது எருமை மேல மழை பெஞ்ச மாதிரிதான். இனிமே தொடையில போடுங்கய்யா."

புது இடத்தில் மருந்து முழுசாக இறங்கும், அளவைக் குறைக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. வெளியே வரிசை நீளமாக இருந்ததாம்.

"நாலு வருஷமா தின்னுட்டு இப்ப கட்டி மேல பழியா?" என்றாள் மனைவி. மறுநாள் காலை பக்கத்திலேயே நின்று, தொடையில் நாற்பத்தாறையும் போடவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை உதறியது. பிறந்ததிலிருந்து கேட்காததைக் கேட்டார்.

"கொஞ்சம் சர்க்கரை குடேன்."

மனைவி மகளைக் கூப்பிட்டாள். "இங்க வா. உங்கப்பா வாயாலயே ஒத்துக்கிட்டாரு."

பாவிகள், அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மகள் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்கப்பா, பதிவாகல."

சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை.