மிஸ்ஸி பார்த்த படம்

எங்கள் வீட்டில் ஒரு படத்தைப் பாதியில் நிறுத்தும் உரிமை அத்தைக்கு மட்டுமே உண்டு. அத்தை என்றால் என் மாமியார் வேதநாயகி. மனநல மருத்துவமனையில் ஆண்கள் வார்டின் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாதியை இங்கே 'மிஸ்ஸி' என்பார்கள்; எங்கள் ஊர் உலு திராமில் பாதிப் பேருக்கு அவர் இன்னும் 'மிஸ்ஸி'தான்.

அந்தப் பழைய ஆங்கிலப் படத்தைப் போட்டது நான். மனநல மருத்துவமனைக் கதை, அம்மாவுக்குப் பிடிக்கும் என்று என் மனைவி தேன்மொழி சொன்னாள். பஸ் ஓட்டுநரை லீவு நாளில் பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற மாதிரியான யோசனை அது.

படத்தில் ஒரு வார்டு. அதில் கடலைப் பார்த்த ஒரே சன்னல், எப்போதும் மூடியே இருக்கிறது. புதிதாக வந்த நோயாளி ஒருவன் அதைத் திறக்கச் சொல்கிறான். தலைமைத் தாதி மறுக்கிறாள். ஒருநாள் எல்லோரும் மெத்தைகளைத் தூக்கிவந்து சன்னலடியில் போட்டுப் படுத்துக்கொண்டு, சாப்பிட மாட்டோம் என்கிறார்கள். கலகம் அவ்வளவுதான். ஒரு தட்டுகூட உடையவில்லை. ஆனாலும் பார்க்கிற நமக்குத் திகிலாக இருக்கிறது. காரணம், தாதியாக நடித்த அந்த அம்மாள். படம் முழுக்கக் குரலை உயர்த்தவே இல்லை. சிரித்தபடி, "உன் நல்லதுக்குத்தான்" என்கிறாள். கடைசியில் கலகக்காரனை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டு, சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை ஒரு கிழவர் அந்தச் சுவரில் கரித்துண்டால் ஒரு சன்னல் வரைகிறார். பின்னணி இசைகூடக் கிடையாது. நான் படம் பார்த்து அழுகிற ஆள் இல்லை. அன்று மூக்கை உறிஞ்சினேன்.

"வார்டு சுத்தமா இருக்கு" என்றார் அத்தை.

தேன்மொழி சும்மா இருந்திருக்கலாம். "அலமாக்! அந்த மிஸ்ஸி அப்படியே நீங்கதாம்மா" என்று சிரித்தாள்.

"அத்தன பேருக்கு ஒரே மிஸ்ஸி. நீ போய் நின்னு பாரு, தெரியும்" என்று அத்தை எழுந்து போய்விட்டார்.

அதன்பிறகு நான் சிங்கப்பூரில் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலில் உயிரை விட்டு வீடு சேரும்போதெல்லாம் தொலைக்காட்சியில் அதே படம், அதே இடம். தாதி சிரிக்கிற இடத்தில் நிறுத்திவைத்துவிட்டு, அத்தை கீரை ஆய்ந்தபடி அவளை முறைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கேட்டார். "மாப்ள, நானும் இப்படித்தான் சிரிச்சிருப்பேனா?"

"தெரியலையே அத்தை. என்கிட்ட நீங்க சிரிச்சதே இல்லையே."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அப்ப தெரிஞ்சவங்கிட்டதான் கேக்கணும். ஞாயித்துக்கெழம கூலாய்க்குப் போலாம்" என்றார்.

பக்கத்து ஊரான கூலாயில் அய்யாவு சாலையோரம் ஒட்டுக்கடை வைத்திருக்கிறார். அத்தையின் வார்டில் நெடுநாள் இருந்து குணமாகி வந்தவர். தீபாவளிக்குத் தவறாமல் முறுக்கு கொண்டுவந்து தருவார். எங்களைக் கண்டதும் மேசையைத் துடைத்தார். "வாங்க மிஸ்ஸி, பசியாறுங்க." அடுப்புப் பக்கத்தில் அவர் மனைவி வெள்ளையம்மா ரொட்டி சானாய்க்கு மாவு வீசிக்கொண்டிருந்தார்.

அத்தை உட்காரவில்லை. படம் பார்க்காத மனிதரிடம் முழுக்கதையையும் முடிவோடு சொல்லித் தீர்த்தார். பிறகு, "நானும் அந்த மாதிரிதான் இருந்தேனா? மறைக்காம சொல்லு அய்யாவு" என்றார்.

இல்லையென்று சொல்லிவிடுவார், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நான் நினைத்தேன்.

"கொஞ்சம் அப்படித்தான் மிஸ்ஸி" என்றார் அய்யாவு. "அடிக்கல, திட்டல. நேரத்துக்கு மருந்து குடுத்தீங்க. அதனாலதான் இன்னிக்குக் கடை போட்டு நிக்கிறேன். ஆனா நானும் சன்னல் கேட்டேன்."

"கொசு வரும்னு சொன்னேன்."

"வரும்தான். டெங்கிக் காய்ச்சல் வேற இருந்துச்சு. ஆனா எதுக்கு சன்னல்னு நீங்க கேக்கல."

அத்தை மெல்ல உட்கார்ந்தார். "எதுக்குக் கேட்ட?"

அய்யாவு அடுப்புப் பக்கம் பார்த்தார். வெள்ளையம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நான் பேக்டரி விட்டு வர்றதுக்குள்ள நோயாளியப் பாக்குற நேரம் முடிஞ்சிரும் மிஸ்ஸி. எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல நிப்பேன். இவர் மொகத்த ஒருக்காப் பாத்தாப் போதும்னு இருக்கும். கண்ணாடிக்கு வெள்ளச் சாயம் அடிச்சிருப்பீங்களா, ஒண்ணும் தெரியாது."

"அப்புறம் எதுக்கு நின்ன?"

"லீவு நாள்ல பாக்க வந்தப்ப எந்த சன்னல்னு இவர் சொல்லியிருந்தாரு. அதப் பாத்துட்டுப் போவேன்."

அத்தை அழுதார். முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல், அவ்வளவு பேர் முன்னால் அழுதார். பக்கத்து மேசைக்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னொரு ரொட்டி சாப்பிட்டேன்.

அத்தைக்கு வியர்த்து ஊற்றியது. அய்யாவு போய், ஓரத்தில் சுழன்றுகொண்டிருந்த காற்றாடியின் மேல் கை வைத்தார்.

"இந்தப் பக்கம் திருப்பட்டுமா மிஸ்ஸி?"

அத்தை தலையாட்டும் வரை காத்திருந்து, அதன்பிறகுதான் திருப்பினார்.