இரண்டு பேர் பாரம்

மெங்ஹாய் தேயிலைத் தெருவில் ஷுவாங்மெய்யின் நாக்குக்குப் பயப்படாத வியாபாரி கிடையாது. ஒரு மிடறு உறிஞ்சினால் போதும், எந்த மலை இலை, எங்கே வைத்திருந்த சரக்கு என்று சொல்லிவிடுவாள். விலை விஷயத்தில் பொய் சொன்னதே இல்லை. பக்கத்துக் கடையில் கோப்பை விற்கும் எனக்கு அவளிடம் பிடித்ததும் அதுதான், எரிச்சல் மூட்டுவதும் அதுதான்.

யூ கான் என்ற பெயரைக் கேட்டால் மட்டும் அந்த நாக்கு கசந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் ஷுவாங்மெய்யின் புருஷன் காவ் யோங் இலை வாங்கப் போய்வந்த புலாங் மலை வீட்டுப் பெண் அவள். அவளே அழுத்திக் கொடுத்த, வருஷக்கணக்கில் வைத்துப் பழுக்கவிடும் பச்சைப் பூஅர் தேயிலை வட்டு ஒன்று இருபது வருஷமாக இவர்கள் வீட்டு மாடியில் இருந்தது. ஷுவாங்மெய் அதை மோந்துகூடப் பார்த்ததில்லை.

போன மாதம் குவாங்சோ வியாபாரி ஒருவர் எப்படியோ தெரிந்துகொண்டு வந்து அதை விலைக்குக் கேட்டார். காவ் யோங் தலையைச் சொறிந்தான்.

"வித்துத் தொலைங்க. நானே விலை சொல்றேன்," என்றாள் ஷுவாங்மெய். பீடை ஒழிகிறது என்ற சந்தோஷம் அவள் முகத்தில் பளிச்சென்று தெரிந்தது. நல்ல கோப்பை கொண்டுவரச் சொல்லி என்னையும் கூப்பிட்டாள்.

வட்டின் ஓரத்திலிருந்து ஊசியால் கொஞ்சம் பெயர்த்தாள். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதை ஊற்றினாள். செம்பு நிறம். முதலில் நல்ல கசப்பு, பிறகு தொண்டையிலிருந்து இனிப்பு ஏறி வந்தது. அப்படி ஒரு தேநீரை நான் குடித்ததில்லை. அவளும் குடித்ததில்லை என்பது அவள் கண்ணை மூடியதிலேயே தெரிந்தது. அடுத்த நிமிஷம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பரவாயில்ல. கைப்பக்குவம் இருக்கு அவளுக்கு," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்து நடுப்பகுதி. ஊசி இறங்கவே இல்லை. கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மல்லுக்கட்டிப் பெயர்த்துக் கொதிநீர் ஊற்றினால், தண்ணீர் இன்னும் வெளிர் மஞ்சள்.

"ஓரம் பழுத்துடுச்சு. நடு இன்னும் பச்சை. ரொம்ப இறுக்கிட்டாங்க, காத்து உள்ள போகல," என்று வியாபாரியிடம் சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா, யூ கான் ஒல்லிதானே?"

"ஆமா. மூங்கில் குச்சி."

"மூங்கில் குச்சி மட்டும் ஏறி நின்னா கல்லு இப்படி அழுத்துமா?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆவியில் வெந்த இலையைத் துணியில் முறுக்கி, மேலே கல்லை வைத்து, ஏறி நின்று ஆடி ஆடித்தான் வட்டு அழுத்துவார்கள். இதில் இரண்டு பேர் பாரம் இருந்தது. காவ் யோங்கின் காது சிவந்தது.

"பாரம் பத்தலன்னு சொன்னா... நானும் ஏறுனேன்."

"கையப் புடிச்சுக்கிட்டா?"

"புடிக்காட்டி விழுந்துடுவோமே!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

"தம்பி, இது இப்ப விக்கிற சரக்கில்ல. நடு பழுக்க இன்னும் பத்து வருஷம் ஆகும். போய்ட்டு வாங்க," என்று வியாபாரியை அனுப்பிவிட்டாள். அப்போது காவ் யோங் விட்ட நிம்மதிப் பெருமூச்சு அவளை இன்னும் சுட்டது.

"கல்ல எறக்குய்யா," என்றாள்.

இருபது வருஷமாக அவர்கள் கடை வட்டெல்லாம் இயந்திரத்தில் அழுத்தியதுதான். அன்று புது இலையை ஆவியில் வேகவைத்து, இரண்டு பேரும் கல்மேல் ஏறி, விழாமலிருக்க ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

"அக்கா பாரத்துக்கு இது நூறு வருஷமானாலும் பழுக்காது," என்றேன்.

"பழுக்க வேணாம். இருந்தாப் போதும்," என்றாள்.

இரண்டு வட்டும் இப்போது மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஷுவாங்மெய் தினமும் ஏறிப் போகிறாள். தன் வட்டு எப்படி இருக்கிறதென்று பார்க்கப் போவதாகச் சொல்கிறாள். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவள் மோந்துகொண்டிருந்தது மற்றதை.