காற்றுக்கு எதிர் முனை

பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் கிரிக்கெட் ஆடிய மைதானத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடல்காற்று கிளம்பிவிடும். ரயில் லைன் பக்கமிருந்து ஓடிவந்து பந்து போட்டால் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். எதிர்ப்பக்கம், வேப்பமரத்தடியிலிருந்து ஓடிவருகிறவனுக்கு அதே காற்று நெஞ்சில் மோதும். நாலு ஓவரில் தொடை கனத்துவிடும். ஐந்து வருஷம் நான் லைன் முனையிலிருந்து பந்து போட்டேன். மர முனையில் அண்ணாச்சி போட்டார்.

அண்ணாச்சி எனக்கு ரத்த உறவில்லை. திருநெல்வேலிப் பக்கம், கிறிஸ்தவர், ஊர் வழக்கில் வேதக்காரர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். இருவரும் தாராவியில் அடுத்தடுத்த சந்தில் குடியிருந்தோம். வடாலாவில் பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருவருமே லேத்தில் இரும்பு கடைகிற இரண்டாம் கிரேடு டர்னர்கள். அவருக்குப் பதினொரு வருஷ சர்வீஸ், எனக்கு ஆறு. அவர் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், இங்கிலீஷ் சுத்தமாக வராது. நான் பதினொன்றாம் வகுப்பு தேறியவன். அதனால் ரயில் பாஸ் விண்ணப்பமோ, டாக்டர் சீட்டோ, ஆபீஸ் நோட்டீஸோ, அவர் கைக்கு வந்த காகிதமெல்லாம் நேரே என் கைக்கு வந்துவிடும். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அவர் தலையாட்டிக் கேட்பார்.

எங்கள் தொழிற்சாலை டீமின் கேப்டன் அங்கேயே டிராயிங் ஆபீஸில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். மாட்டுங்காவில் இரண்டு தலைமுறையாக இருக்கிற குடும்பம். அவர் வகுத்த பவுலிங் வரிசை இதுதான்: புதுப் பந்தை லைன் முனையில் நான் எடுப்பேன். மர முனையில் கேப்டனே எடுத்து, மூச்சு வாங்கும்வரை மூன்று ஓவர் போடுவார். அதற்குள் பந்தின் பளபளப்பு போய்விடும். பிறகு அதை அண்ணாச்சியிடம் தூக்கிப் போடுவார். அண்ணாச்சி அங்கிருந்து சாயங்காலம்வரை போடுவார். நாங்கள் மற்றவர்கள் மாறி மாறி வருவோம், போவோம், நிழலில் ஓய்வெடுப்போம். அவரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. அவருக்கு விக்கெட் அதிகம் கிடைக்காது, ஆனால் அவர் பந்தில் ரன்னும் கிடைக்காது. விக்கெட் எனக்குக் கிடைத்தது. அதெல்லாம் என் திறமை என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீனச் சண்டை முடிந்த மறுவருஷம் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டிய, எங்கள் கம்பெனியின் அம்பர்நாத் தொழிற்சாலை டீமோடு ஒரு சிநேக ஆட்டம் வைத்தார்கள். அங்கே ஒரு மராட்டிக்காரன் இருந்தான். எங்களைப் போலவே இரண்டாம் கிரேடு டர்னர், ஆனால் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவன். அவன் போட்ட பந்தை எங்களில் பாதிப் பேர் பார்க்கவே இல்லை. ஏழு பேரை அவன் ஒருவனே வீட்டுக்கு அனுப்பினான். என் நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு போய் விக்கெட் கீப்பர் காலடியில் விழுந்தது. அன்று முதல் கேப்டனுக்கு வேறு பேச்சே இல்லை. மேலிடத்துக்கும் ஆபீஸ் டீம்களுக்கான கோப்பை மேல் ஒரு கண் இருந்தது.

ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கேப்டன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அவன் இங்க வரணும்னா இங்கேர்ந்து ஒருத்தர் அங்க போகணும். மியூச்சுவல் ட்ரான்ஸ்ஃபர்னு ஒண்ணு இருக்கு. ஆளுக்கு ஆள், கிரேடுக்கு கிரேடு. மத்த டர்னர்களைக் கேட்டுப் பார்த்துட்டேன், ஒருத்தனும் அசைய மாட்டேங்கறான். டீம்ல அந்த கிரேடுல நீங்க ரெண்டு பேர்தான் இருக்கேள். பேசிண்டு திங்கட்கிழமை சொல்லுங்கோ."

வெளியே வந்ததுமே, போவது நானாக இருக்கக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். நான் அப்போது மாட்டுங்காவில் டிப்ளமாவுக்குச் சாயங்கால வகுப்பு போய்க்கொண்டிருந்தேன். அம்பர்நாத்துக்குப் போனால் அது போச்சு. எல்லோரிடமும் சொல்ல அது நல்ல காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. அந்த மராட்டிக்காரன் வந்த பிறகும் ஒரு முனையில் புதுப் பந்து எனக்கு இருக்கும், அவனோடு சேர்ந்து நானும் கோப்பையைத் தூக்குவேன் என்று ஆசைப்பட்டேன். அதை ஒப்புக்கொள்ள இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தாராவிவரை நடந்தே வந்தோம். அண்ணாச்சிதான் முதலில் பேசினார்.

"ஏ தம்பி, வீட்ல அவளுக்கு இது ஆறாம் மாசம். நான் விடியக்காலம் ரயிலேறிப் போயிட்டா அவள யாரு பாக்கது? நீ ஒத்தைக்கட்ட. நீ போனா என்ன?"

"எனக்கு வகுப்பு இருக்குல்லா அண்ணாச்சி."

"அதுவுஞ் செரிதான்."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. "அவன் இங்க வந்துட்டா அங்க அவியளுக்குப் பவுலரே கெடையாது. நீங்க போனா உங்களுக்குத்தான் புதுப் பந்து தருவாவ" என்றேன்.

அண்ணாச்சி நின்றுவிட்டார். "புதுப் பந்தா? எனக்கா?" என்றார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பதினொரு வருஷமாகத் தேய்ந்த பந்தையே வாங்கிப் போட்ட மனுஷன். சந்து பிரியும் இடத்தில், "செரி, நான் போறேன்னு சொல்லிருவோம்" என்றார்.

அடுத்த வாரம் படிவம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், லேத்துகள் எல்லாம் நின்றிருந்தபோது, அண்ணாச்சி டப்பாவை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அதை என்னிடம் நீட்டினார். ஒரு பக்கம், நாலு பத்தி. முதல் பத்தி, என் சொந்த விருப்பத்தின் பேரில் இந்த மாற்றத்தைக் கேட்கிறேன் என்றது. வாசித்துச் சொன்னேன். "சொந்த விருப்பமா! நல்லா இருக்கே" என்று சிரித்தார். இரண்டாவது, சம்பளம் மாறாது என்றது. அதையும் சொன்னேன். மூன்றாவது பத்தியில், புதிய இடத்தில் உன் சீனியாரிட்டி நீ யாருக்குப் பதிலாக வருகிறாயோ அவனுடைய இடத்திலிருந்தே எண்ணப்படும் என்று எழுதியிருந்தது. அதாவது அண்ணாச்சியின் பதினொரு வருஷம், பட்டியலில் இரண்டு வருஷத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

எனக்கு நன்றாகப் புரிந்தது. இதைச் சொன்னால் அவர் கையெழுத்துப் போடமாட்டார், அவர் போடாவிட்டால் அடுத்த படிவம் எனக்குத்தான் வரும் என்பதும் அந்த நொடியிலேயே புரிந்தது. முன்கூட்டி யோசித்துச் செய்ததல்ல. என் கண் மூன்றாவது பத்தியைத் தாண்டி நான்காவதுக்குப் போயிற்று, வாயும் கூடவே போயிற்று. பதினைந்து நாளில் போய்ச் சேர வேண்டும் என்று வாசித்தேன்.

"வேற ஒண்ணுமில்லல்லா?"

"அவ்வளவுதான் அண்ணாச்சி."

லேத்தின் மேல் காகிதத்தை வைத்துத் தமிழில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். யூனியன் ஆளிடம் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அண்ணாச்சி என்னிடம் கேட்டார்.

அந்த மராட்டிக்காரன் எங்களிடம் வந்தான். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். முதல் ஆட்டத்தில் கேப்டன் புதுப் பந்தை அவனிடம் கொடுத்து லைன் முனையைக் காட்டினார். நியாயம்தானே, அவ்வளவு வேகமுள்ளவனைக் காற்றுக்கு எதிரே யாராவது ஓடவிடுவார்களா? நாலாவது ஓவரில் பழைய பந்தை என் கையில் போட்டு, "மர முனையில நீ பாத்துக்கோ" என்றார்.

அன்றுதான் எனக்கு அந்தக் காற்று அறிமுகமாயிற்று. ஐந்து ஓவரில் நாக்கு தள்ளிவிட்டது. என் பந்து வேகம் குறைந்து பாதியில் உட்கார்ந்தது, ஆளுக்கு ஆள் அடித்தார்கள். ஐந்து வருஷம் எனக்கு எப்படி விக்கெட் கிடைத்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது. அண்ணாச்சியிடம் ஒரு ரன்னும் கிடைக்காமல் பொறுமையிழந்தவர்கள் என் முனைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கப் பார்த்தார்கள், அவுட் ஆனார்கள். அவ்வளவுதான் என் திறமை.

மர முனையில் ஆள் நிற்காததால் முழு வரிசையும் குலைந்தது. நான் ஐந்து ஓவர், ஸ்டோரில் வேலை பார்த்த ஒருவர் நாலு, இன்னொருவர் மூன்று. ரன் போகப் போகக் கேப்டன் பயந்துபோய் மறுபடியும் அந்தப் பையனையே கூப்பிடுவார். சின்னச் சின்ன தவணையில் வேகமாகப் போட வேண்டியவன், அண்ணாச்சி போட்ட அளவு ஓவர்களைப் போட்டான். முதல் மூன்று ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தான். அரையிறுதிக்கு வந்தபோது கணுக்கால் வீங்கி நொண்டினான், நாங்கள் தோற்றோம். "மர முனையில ஒருத்தன் இருந்திருந்தா" என்று கேப்டன் அன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் காலுறையைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். அடுத்த வருஷம் வேறொரு கம்பெனி அந்தப் பையனை அதிகச் சம்பளத்துக்கு இழுத்துக்கொண்டது. அவன் போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான்.

அண்ணாச்சி விடியுமுன் பக்கத்து சயான் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் பிடித்து அம்பர்நாத் போய் வந்தார். நல்ல பவுலரைக் கொடுத்துவிட்ட வெறுப்பில் அங்கே ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மூன்று ஆட்டத்துக்கு மேல் அந்த டீம் தாங்கவில்லை. மூன்றிலும் புதுப் பந்து அவர் கையில்தான். எப்போதாவது சந்தில் பார்த்தால் அதைத்தான் சொல்வார்: "ரெண்டு பக்கமும் திரும்புச்சு தம்பி. நீ பாத்திருக்கணும்."

அறுபதுகளின் கடைசியில் எங்கும் வேலை மந்தமாயிற்று. அம்பர்நாத்தில் ஆள் குறைப்பு என்று கேள்விப்பட்டதும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் வந்தவன் முதலில் போக வேண்டும் என்பது விதி. நான் அப்போது டிப்ளமா முடித்து, வடாலாவில் டர்னர்களை மேற்பார்க்கும் சார்ஜ்மேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் முடிந்து வெள்ளைச் சட்டையோடு அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு அவர் மகள், நாலு வயது. சட்டைப் பையிலிருந்து நீளக் கவரை எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு நாளா வச்சிருக்கேன். ஆளுக்கொண்ணு சொல்லுதானுவ. நீ வாசிச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்."

குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு உட்கார்ந்து வாசித்தேன். வரி வரியாகச் சொன்னேன். வேலை இல்லை என்பதைச் சொன்னேன். இன்ன வருஷம் தாங்களே விரும்பிக் கையெழுத்திட்ட பரஸ்பர மாற்றத்தின்படி, தங்கள் பழைய சர்வீஸ் கணக்கில் சேராது, பட்டியலில் தங்கள் இடம் கடைசியில் என்று இருந்தது. அதையும் சொன்னேன்.

அவர் காலிக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ அன்னைக்கு வாசிச்ச காயிதத்துல இது இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணாச்சி."

"அப்பம் நாந்தான் கவனிக்கலபோல. புதுப் பந்துன்னதும் எனக்கு வேற ஒண்ணும் மண்டையில ஏறல."

என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தெரியவில்லை. பழியை அவரே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அங்கேயே இருந்திருக்கும்.

"இல்ல அண்ணாச்சி. நான் அத வாசிக்கல. விட்டுட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். மகள் பிஸ்கட் தூளைத் தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரிந்தவர்போல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் திருப்பி மறுபக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"பின்னாலயும் எழுதியிருக்கு. வாசி. ஒண்ணையும் விட்டுராத."

வாசித்தேன். கணக்கு முடிக்க எந்த வாசலுக்கு வர வேண்டும், எந்தச் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நகல் யார் யாருக்கு, அடியில் யார் கையெழுத்து என்பதுவரை சொன்னேன். முடிந்ததும் மடித்துக் கவரில் போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அவர் இன்னும் பல வருஷம் அதே சந்தில்தான் இருந்தார். எந்தக் காகிதத்தையும் அதற்குப் பிறகு என்னிடம் கொண்டுவரவில்லை.