வாசலில் வேப்பிலை, உடம்பில் கீமோ

போன புதன்கிழமை என் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அம்மை என்று நினைத்து ரோட்டில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

எனக்கு அம்மை இல்லை. கேன்சர். எழுதும்போது சுலபமாகத்தான் வருகிறது... வாயால் சொல்வதற்குத்தான் வரவே மாட்டேன் என்கிறது.

மார்பில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். பிறகு கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் முதல் கீமோ. சிவப்புச் சர்பத் மாதிரி, சிராப் தண்ணீர் நிறத்தில் ஒரு மருந்து, கை நரம்பு வழியாக. இது என்னை என்ன செய்யும் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"வேகமா வளர்ற செல்லையெல்லாம் அடிக்கும்மா. நல்லது கெட்டது பார்க்காது. ரத்தத்துல வெள்ளை அணு குறையும். அடுத்த ரெண்டு வாரம் சாதாரண சளி காய்ச்சல்கூட உங்களுக்கு ஆபத்து. கூட்டத்துல சேராதீங்க. காய்ச்சல் வந்தா உடனே ஓடி வரணும். அணு ஏறலைன்னா அடுத்த ஊசியைத் தள்ளித்தான் போடணும்."

தள்ளிப் போடுவதா? நோயும் அதுவரை லீவு எடுத்துக்கொள்ளுமா? பஸ்ஸில் திரும்பி வரும்போது யார் தும்மினாலும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அது சரி, கூட்டம் வேண்டாமாம்! எங்கள் ஊர் அசாம் ஜாவாவில் ஒருத்தி படுத்துவிட்டால் ஆட்கள் வராமல் இருப்பார்களா? வந்தவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல், கன்னத்தைத் தடவாமல் போவார்களா? ரப்பர் தோட்டத்து லயத்தை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தும் அந்தப் பழக்கம் மட்டும் எங்களை விடவில்லை. வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பினால் ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

காரணத்தைச் சொல்லலாம். ஆனால் லோரி ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே முகம் செத்துவிடும். 'வயிற்றில் புண்' என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தோம். கடைசியில் அவரே எங்கிருந்தோ ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து கேட்டில் கட்டிவிட்டார்.

"அம்மைன்னு நெனச்சா யாரும் உள்ளாற வர மாட்டாங்க லா. நீ நிம்மதியா படு."

"ஆத்தா பேர்லயா பொய் சொல்றது?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் மனுஷன்.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு கேட் திறக்கும் சத்தம். லயத்திலிருந்து அஞ்சலை அக்கா. தோட்டத்தில் நாங்கள் ஒரே நிரையில் ரப்பர்ப் பால் மரம் வெட்டியவர்கள். ஒரு கையில் இளநீர், இன்னொரு கையால் மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டே வருகிறார்.

"எவளும் எட்டிப் பாத்திருக்க மாட்டாளுங்கன்னு தெரியும் தங்கச்சி. எனக்குத்தான் சின்ன வயசுலேயே அம்மை போட்டிருச்சே, எனக்கென்ன பயம்? நான் பாத்துக்கறேன் உன்ன." சொல்லிவிட்டு, லொக் லொக் என்று ஒரு இருமல்.

பயந்தவர்களை விரட்டக் கட்டிய வேப்பிலை, பயப்படாதவரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட்டது!

கிரில் கதவை உள்ளிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அக்கா, அங்கேயே நில்லுங்க!"

"ஏன்டி, ஆத்தா எறங்கியிருக்கறப்ப தனியா கெடக்கலாமா?" கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். மறுபடி இருமல். காய்ச்சல் வந்தால் யார் என்னைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோவார்கள்? அடுத்த ஊசி என்ன ஆகும்? அக்காவின் முகமே எனக்குத் தெரியவில்லை, அந்த இருமல்தான் தெரிந்தது.

"அம்மை இல்லக்கா. எனக்குக் கேன்சர்!"

கத்தியே விட்டேன். தாழ்ப்பாளில் இருந்த கை சட்டென்று விலகியது. ஓர் அடி பின்னால் போனார். இன்னோர் அடி. தாழ்ப்பாளைத் தொட்ட கையைச் சேலையில் துடைத்தார்... அதையும் பார்த்தேன்.

பாருங்களேன், ஒட்டுகிற நோய்க்குத் துணிந்து உள்ளே வந்தவர், ஒட்டாத நோய்க்குப் பின்வாங்குகிறார்! இதற்குச் சிரிப்பதா? எனக்கு அழுகைதான் வந்தது. தப்பித்தேன் என்றும் இருந்தது, வலித்தும் தொலைத்தது.

"இது உங்களுக்கு ஒட்டாதுக்கா" என்றேன் அழுதுகொண்டே. "உங்க இருமல்தான் எனக்கு ஒட்டும். உள்ள போன மருந்து எல்லாத்தையும் சாச்சிருச்சு. இப்ப ஒரு சளி வந்தாலும் எதுத்து நிக்க என் ஒடம்புல ஆள் இல்ல."

அக்கா தன் கையைப் பார்த்தார். "அப்ப... நான்தான் உனக்கு ஆபத்தா?"

"ஆமாக்கா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இளநீரைத் தரையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று கேட்டுக்கு வெளியே போனார். ரோட்டில் நின்றுகொண்டு, "கேன்சராம்டி இவளுக்கு! இருமல் சளி உள்ளவளுங்க எவளும் உள்ள போவக்கூடாது! மீறிப் போனா நான் சும்மா விட மாட்டேன்!" என்று தாமான் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்தல்.

நாங்கள் பொத்திப் பொத்தி வைத்தது அரை நிமிடத்தில் ஊர்ச் செய்தியாகிவிட்டது. எனக்கோ, ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணு ஏறியிருக்குமா? ஊசி போடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா? தெரியாது. பயமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல?

நீங்களும் வாருங்கள். சளி இருந்தால் ரோட்டிலிருந்தே கத்துங்கள்... எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது!