மணிமுத்து பார்த்த கொரியப் படங்கள்

கொரியாக்காரர்கள் எடுத்த படம் ஒன்றுகூட மணிமுத்துவுக்குப் பிடித்ததில்லை. பிடிக்காமலேயே இருநூறு படத்துக்கு மேல் பார்த்துவிட்டார்.

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஆயில் மசாஜ் கடை வைத்திருப்பவர் அவர். தகரக் கூரை, இரண்டு மரப் பெஞ்சு, ஒரு திரைச்சீலை, ஏழெட்டு எண்ணெய்க் குப்பி. கடை அவ்வளவுதான். சொந்த ஊர் கீழப்பாவூர். இளவட்டத்தில் வீரகேரளம்புதூரில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இருபத்து நாலு வயதில் முதுகு பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் நிமிர முடியாமல் கிடந்தவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிவந்து எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். நிமிர்ந்து நின்றவர், ஆலைக்குத் திரும்பாமல் தேய்த்தவரிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இப்போது ஐம்பத்து மூன்று வயது. யார் வந்தாலும் முகத்தைப் பார்க்குமுன் தோளைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. எந்தத் தோள் பை சுமந்தது, எது மூட்டை சுமந்தது, எது எதையுமே சுமக்காதது என்று கை வைக்குமுன்பே சொல்லிவிடுவார்.

சாரல் சீசனிலும் ஐயப்ப சாமிமார் வருகிற கார்த்திகை மார்கழியிலும் அவருக்குச் சோறு தின்ன நேரமிருக்காது. மாசி பிறந்து அருவியில் தண்ணீர் நூலாய் இறங்கிவிட்டால், மேலகரத்து வீட்டில் சும்மா இருக்க வேண்டியதுதான். மனைவி சங்கரேஸ்வரி பீடி சுற்றுகிறவள். மடியில் இலையும் தூளுமாகத் தட்டு, எதிரே டி.வி. சென்னையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் அனுசியா ஏதோ சந்தா கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அந்த டி.வி.யில் கொரியாக்காரர்கள் தமிழ் பேசத் தொடங்கினார்கள். சங்கரேஸ்வரிக்குக் காதல் படம்தான் உயிர். அவள் பார்ப்பாள், மணிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து ஏசுவார்.

"ஏட்டி, இவன் யாரு?"

"கம்பெனி மொதலாளி மகன்."

"வேல?"

"அதான் சொல்லுதம்லா, மொதலாளி மகன்னு."

அந்த முதலாளி மகன், படியில் தடுக்கி விழப்போன ஒரு பெண்ணை இடுப்பில் கைகொடுத்துத் தாங்கினான். தாங்கியவன் விடவில்லை. பாட்டு வேறு வந்தது.

"ஒத்தக் கையில அம்பது கிலோவப் பிடிச்சிட்டு மூணு நிமிசமா நிக்கான். மணிக்கட்டு என்னத்துக்காகும்?"

"அவங்க கண்ணோட கண்ணு பாக்காங்க."

"பாக்கட்டும். மணிக்கட்டு?"

சங்கரேஸ்வரி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

அவருடைய இளக்காரத்துக்கு எந்த வகைப் படமும் தப்பவில்லை. ஒரே குடைக்குள் இருவர் போனால், "இந்தத் தூத்தலுக்குக் குடையா? இவனுவளக் கொண்டாந்து நம்ம ஆனி மாசச் சாரல்ல விடணும்" என்பார். ஒருவன் முப்பது பேரை அடித்துப் போட்டால், "நாளைக்குப் பல்லு வெளக்கக் கையத் தூக்க முடியாது பாத்துக்கோ" என்பார். நாயகிக்கு வியாதி என்று தெரிந்து சங்கரேஸ்வரி மூக்கைச் சிந்தும்போது, "இத மொதல் ரீல்லயே சொல்லியிருந்தா கரண்டாவது மிச்சம்" என்பார். ஆனால் எழுந்து மட்டும் போகமாட்டார். வெளியே வெயில் அடிக்கிறது என்பது அவர் சொல்லும் காரணம்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற ஆவுடைநாயகம் அவருடைய பழைய வாடிக்கை. இடது தோளில் அவருக்கு ஓர் இறுக்கம். மாதத்துக்கு ஒருமுறை தென்காசியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து பெஞ்சில் படுப்பார். படுத்தால் உலக சினிமாதான் பேசுவார். தென்காசியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில், இருபது இருபத்தைந்து பேரைக் கூட்டி வெளிநாட்டுப் படம் போட்டுக் காட்டுகிறவர். கொரிய சமூகப் படங்களைப் பற்றி அவர் உருகிக்கொண்டிருந்த ஒரு நாள், மணிமுத்து தேய்த்துக்கொண்டே, "அதெல்லாம் வெறும் நடிப்பு சார்" என்றார்.

"நீரு எங்கவே பாத்தீரு?"

மணிமுத்து வரிசையாகச் சொன்னார். ஆவுடைநாயகம் தலையைத் தூக்கிப் பார்த்தார். "வாற ஞாயித்துக்கெழம வந்திரும்வே. நம்ம ஆளுகளுக்கு உம்ம மாதிரி ஒருத்தர் வேணும்."

மணிமுத்து வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். வாசலில் ஆவுடைநாயகம் அவரை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்தார்: "மணிமுத்து. குற்றாலத்துல ஆயுர்வேத நிபுணர்."

யாரைச் சொல்கிறார் என்று மணிமுத்து பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் படிக்கட்டுதான் இருந்தது.

அன்றைய படத்தில், கப்பல் பட்டறையில் வேலை போன ஒருவன் துறைமுகத்தில் மூட்டை சுமந்து குடும்பத்தைக் காப்பாற்றினான். முக்கால்வாசிப் படம் மழை. யாரும் வாய் திறந்து பேசவில்லை. முடிந்ததும் ஒருவர் எழுந்து, உழைக்கும் வர்க்கத்தின் உடல்மொழி என்று கால் மணி நேரம் பேசினார். பிறகு ஆவுடைநாயகம் மணிமுத்துவைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"அவன் சட்டையக் கழத்திட்டுக் குளிக்கான்லா, அந்த எடத்துல பிடரியப் பாத்தீங்களா?" என்றார் மணிமுத்து. "மூட சொமந்தவனுக்குப் பிடரியில காய்ப்பு இருக்கும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல போயிப் பாருங்க, ஒரு தோளு ஒரு விரக்கட எறங்கியிருக்கும். இவனுக்குப் பச்சப்புள்ள கன்னம் மாதிரி இருக்கு. எடுத்தவனுக்குத் தெரியல. பாத்த ஒங்களுக்காவது தெரிய வேண்டாமா?"

கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த கௌரிசங்கர், ஆலங்குளத்துக்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர், எழுந்தே நின்று தட்டினார். அதற்கடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் கடைசி வார்த்தை மணிமுத்துவுக்கு என்று ஆகிவிட்டது. அவர் எதையாவது கிழித்துத் தொங்கப்போடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். நிபுணர் என்று அழைத்தால் இப்போது அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓசியில் போர்த்திய சால்வையை யார் கழற்றுவார்கள்?

சித்திரைக் கடைசியில் ஒரு மத்தியானம் சங்கரேஸ்வரி வழக்கம்போல் ஒரு காதல் படம் போட்டாள். அழகுசாதனக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், அவளைச் சுற்றிவருகிற பணக்காரன். மணிமுத்து ஏசுவதற்கு வாகாகச் சுவரில் சாய்ந்தார். "உங்க அப்பா என்ன செய்கிறார்?" என்று பணக்காரன் கேட்க, "உடல்நல ஆலோசகர்" என்றாள் அவள். "அப்பன் வேலயச் சொல்லக் கூசுதாக்கும் கழுதைக்கு!" என்று ஏசினார் மணிமுத்து. அடுத்த காட்சியில் அந்த அப்பன் வந்தான். துறைமுக ஊரில் ஒரு பொதுக் குளியலறை. ஆவி பறக்கிறது. பலகையில் ஒருவன் படுத்திருக்கிறான். அரைக்கால் சட்டை போட்ட கிழவன், கையில் சொரசொரப்பான துணியை மாட்டிக்கொண்டு, படுத்தவனுக்கு அழுக்குத் தேய்க்கிறான். கணுக்காலில் தொடங்கி மேலே போகிறான். பெருவிரலை வருத்தாமல் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்துகிறான். ஒரு பக்கம் முடிந்ததும் முதுகில் பட் பட்டென்று இரண்டு தட்டு. படுத்திருந்தவன் புரண்டு படுக்கிறான்.

மணிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரும் அப்படித்தான் தட்டுவார். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

"ஏட்டி, பின்னால தள்ளு."

"எதுக்கு?"

"தள்ளுன்னா தள்ளேன்."

மூன்று முறை தள்ளிப் பார்த்தார். பொய் எங்கே என்று தேடினார். தோளில் பொய் இல்லை. நிற்கிற கால் சரியாக இருந்தது. வேலை முடிந்து கிழவன் சோறு தின்னும்போது கரண்டியைப் பிடித்த விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. மொத்தப் படத்திலும் பத்து நிமிடம் வருகிற ஆள். அந்தப் பத்து நிமிடமும் மணிமுத்து வாய் திறக்கவில்லை. சங்கரேஸ்வரி அவருக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று திரும்பிப் பார்த்தாள்.

முடிவில்தான் அவருக்குக் குரல் வந்தது. உண்மை தெரிந்த பணக்காரன் குளியலறைக்கே வந்து கிழவனின் பலகையில் படுத்தான். கிழவன் தேய்த்தான், எல்லோரும் அழுதார்கள், கல்யாணம் நடந்தது.

"பணக்காரன் வந்து படுத்துட்டா சரியாப் போச்சாக்கும்!" என்று கத்தினார். "எங்கிட்டப் படுக்காத பணக்காரனா? எந்திரிச்சுக் குளிச்சு, சட்டையப் போட்டுட்டு ரோட்டுல எதுக்க வந்தா மொகத்தத் திருப்பிக்கிடுவான். அத எடுக்கானா பாரு. கூறுகெட்ட பய."

"அந்த அப்பன் மட்டும் நல்லா இருந்தான்லா?" என்றாள் சங்கரேஸ்வரி, பீடியை மடக்கிக்கொண்டே.

"அவன் இருந்தான்" என்றார் மணிமுத்து.

இரண்டாவது ஞாயிறு வந்தது. அன்றைக்குப் போட்டது, அடுக்குமாடிக் குடியிருப்பைப் பெருக்கித் துடைக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய படம். புதிதாக வந்த நாலு பேருக்கு ஆயுர்வேத நிபுணரை அறிமுகம் செய்தார்கள். வர்க்கம், சுரண்டல், மௌனம் என்று பேச்சு ஓடி முடிந்து மணிமுத்துவின் முறை வந்தது. சிரிக்கத் தயாராக எல்லோரும் திரும்பினார்கள்.

"இதப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். "அடுத்த மாசம் ஒரு படம் போடணும்." அந்தக் காதல் படத்தின் பெயரைச் சொன்னார்.

ஒரு புதியவர் போனில் தேடிப் பார்த்து, சுவரொட்டியை மற்றவர்களுக்குக் காட்டினார். இளஞ்சிவப்புப் பின்னணி, இதயம், பூ. சிரிப்பு எழுந்தது. இதுவும் அவருடைய கேலி என்றே முதலில் நினைத்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டபின் ஆவுடைநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னவே இது? பொம்பளைங்க பீடி சுத்திக்கிட்டே பாக்க படத்தல்லாம் இங்கன போட முடியுமா?"

மணிமுத்து எழுந்தார்.

"எம் பொஞ்சாதி பீடிதான் சார் சுத்துதா. அவ காட்டித்தான் நான் பாத்தேன். ஒங்க தோளு எறுக்கம் எனக்குத் தெரியும், நான் யாருன்னு ஒங்களுக்கும் தெரியும். பெறகு நிபுணருன்னு எதுக்குச் சொன்னீங்க? நான் எண்ணெய் தேய்க்கவன்." மற்றவர்களைப் பார்த்தார். "இங்க இருக்கவங்கள்ல ஆறு பேரு முதுகு எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் எம் மொகம் தெரியல. நாலு மாசமா உழைக்கவன் ஒடம்பப் பத்திப் பேசுதீங்க."

ஆவுடைநாயகம், "உக்காரும்வே, உணர்ச்சிவசப்படாதீரு" என்றார். மணிமுத்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

பஸ்ஸில் வரும்போது அவருக்கு ஆவுடைநாயகத்தின் மேல் இருந்ததைவிடத் தன்மேல்தான் ஆத்திரம் அதிகமாக இருந்தது. யாரும் அடித்துக் கூப்பிடவில்லை. நாலு மாதமும் சட்டையைத் தேய்த்தது அவர்தான். அந்தப் பெண் 'உடல்நல ஆலோசகர்' என்றபோது காறித் துப்பாத குறையாக ஏசியவர், தன்னை நிபுணர் என்றபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். மேலகரம் ஸ்டாப்பைத் தவறவிட்டுக் குற்றாலத்தில் இறங்கித் திரும்பி நடந்தார்.

அடுத்த மாதம் கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. சாரல் பிடித்து அருவியில் தண்ணீர் கொட்டியதும் வேலை குவிந்துவிட்டது. ஆடி பிறந்து ஆவுடைநாயகம் வந்தார். ஒன்றுமே நடக்காதது போலப் பெஞ்சில் படுத்து ஈரான் நாட்டுப் படங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மணிமுத்து வழக்கம்போல் இடது தோளில் கூடுதலாக நாலு அழுத்து அழுத்தித் தேய்த்து அனுப்பினார். கைக்குக் கோபம் கிடையாது. உம் மட்டும் கொட்டவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கௌரிசங்கர் முழங்கால் வலி என்று கடையைத் தேடி வந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் போகாமல் சற்றுத் தயங்கி நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க சொன்ன அந்தப் படத்தப் பாத்தேன். வீட்டுல எல்லாரும் பாத்தோம். கடைசியில என்னாலயே அழுகய அடக்க முடியல."

"கடைசியிலயா?" மணிமுத்து எண்ணெயைக் கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்தார். "அந்தக் கடைசிய எடுத்தவனச் செருப்பால அடிக்கணும். பட்டாளத்துல இருந்தவரு, அதுக்குப் போயி அழுதீங்களாக்கும்? வேட்டிய ஏத்திக் கெட்டிட்டுக் குப்புறப் படுங்க."